எல்இடி சூடாகாது என்றார்களே, என் கூடாரத்துக்குள் ஏன் 41 டிகிரி?

பிப்ரவரி 9

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயரத்தில், வீட்டு அறைக்குள் செடி வளர்க்க ஒரு துணிக் கூடாரம். உள்ளே 240 வாட் எல்இடி பலகை ஒன்று. ஆறு மிளகாய்ச் செடி, இரண்டு குட்டைத் தக்காளி, ஓரத்தில் ஒரு தட்டு லெட்யூஸ் நாற்று. மேல் மூலையில் எக்ஸாஸ்ட் ஃபேன். மணிக்கு 200 கனமீட்டர் காற்று இழுக்கும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது. காலை 6 முதல் இரவு 8 வரை விளக்கு எரியும்.

எல்இடி சூடாகாது என்று எல்லோரும் சொன்னதால்தான் அதை வாங்கினேன். மதியம் தெர்மாமீட்டர் 41 காட்டுகிறது. வெளியே அறையில் 27. மிளகாய் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, இரண்டு மூன்று நாளில் காம்போடு விழுந்துவிடுகிறது. மேல் இலைகள் ஓரம் மடிந்து படகு மாதிரி நிற்கின்றன. ஃபேனை மாற்ற வேண்டுமா, விளக்கையே மாற்ற வேண்டுமா?

பிப்ரவரி 10

41 தவறு. தெர்மாமீட்டரை எங்கே தொங்கவிட்டேன் என்று ஒருவர் கேட்டார். விளக்குக்கு நேர் கீழே, கறுப்பு உடம்போடு. வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தால் அது தன் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டை இல்லை. வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரை வெள்ளையடித்த, பலகை இடுக்குகள் வைத்த பெட்டிக்குள் வைப்பது இதற்காகத்தான். ஒரு வெள்ளைக் காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, பக்கங்களில் துளை போட்டு, அதன் நிழலில் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டேன். 37 காட்டுகிறது.

நான்கு டிகிரி அளவுகோலின் பிழை. மீதி பத்து டிகிரி நிஜம்.

பிப்ரவரி 12

‘எல்இடி சூடாகாது’ என்ற பேச்சைப் பிரித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் போகும் மின்சாரம் எதுவாக இருந்தாலும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. பலகையின் முதுகு சூடாவது கண்கூடு. வெளிச்சமாகப் போன பங்கும் இலையிலும் சுவரிலும் தொட்டியிலும் விழுந்து சூடாகிறது. செடி சர்க்கரையாக மாற்றிச் சேமிப்பது சில சதவீதம்தான். ஆகவே 240 வாட் எல்இடியும் 240 வாட் சோடியம் விளக்கும் அறைக்குக் கொடுக்கும் சூடு ஒன்றே.

வித்தியாசம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, அதே வெளிச்சத்துக்கு எல்இடி குறைவான வாட் கேட்கிறது. நல்ல பெரிய சோடியம் விளக்கு ஒரு ஜூலுக்கு 1.7 மைக்ரோமோல் அளவு ஒளித்துகள் தரும், இன்றைய நல்ல எல்இடி 2.5 முதல் 3 வரை. இரண்டு, சோடியம் விளக்கு அகச்சிவப்புக் கதிரை நேராக இலை மேல் வீசும். எல்இடியின் வீண் சூடு முதுகுப் பக்கம் உலோகத் தகட்டில் ஏறிக் காற்றோடு மேலே போகும். அதாவது இலைக்கு எல்இடி நல்லது. அறைக்கு, வாட் எவ்வளவோ அவ்வளவு சூடு.

இதை வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 13

வாட் மீட்டர் போட்டுப் பார்த்தேன். பலகை 236, ஃபேன் 20. ஃபேனும் கணக்கில் உண்டு, அதன் மோட்டார் காற்றோட்டத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. மொத்தம் 256.

பிப்ரவரி 15

ஃபேன் கணக்கு. காற்றின் வெப்பக் கொள்ளளவை வைத்துப் போட்டால் எளிதாக ஒரு சூத்திரம் வருகிறது: வாட்டை மூன்றால் பெருக்கி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று வேண்டும் என்று கிடைக்கும்.

எனக்கு 256 வாட். நான்கு டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால் 256 × 3 ÷ 4, அதாவது 192. பெட்டியில் 200 என்று போட்டிருப்பதால் சரியாக இருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பத்து டிகிரி ஏறுகிறது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஓடும் காற்று 77 தான். 200 எங்கே, 77 எங்கே!

பெட்டியில் போடும் எண், ஃபேனுக்கு முன்னும் பின்னும் எதுவுமே இல்லாமல் வெறும் காற்றில் அளந்தது. என்னுடையதில் மூன்று மீட்டர் மடிப்புக் குழாய், இரண்டு இடத்தில் முழங்கை மாதிரி வளைவு, அதிலும் குழாயை முழுதாக இழுக்காமல் துருத்தி மாதிரி சுருக்கியே விட்டிருந்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாக நிற்கும் அந்தச் சுவர்தான் காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. கீழே காற்று நுழையும் வலையைத் தொட்டுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் தூசி ஒட்டியிருக்கிறது.

புது ஃபேன் வாங்குவதற்கு முன் இதையெல்லாம் சரிசெய்கிறேன்.

பிப்ரவரி 16

குழாயை ஒரு மீட்டராக வெட்டி, இறுக்கி இழுத்து, ஒரே ஒரு அகலமான வளைவோடு மாட்டினேன். வலையைக் கழுவினேன். கீழே இன்னொரு நுழைவாயையும் திறந்தேன். காற்று நுழையும் வழி வெளியேறும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடாரத்தின் சுவர்கள் வயிறு ஒட்டினாற்போல் உள்ளே இழுபடும். என்னுடையது இத்தனை நாள் அப்படித்தான் இழுபட்டிருந்தது. நான் அதைப் பார்த்து, ஃபேன் நன்றாக இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை பத்து மணிக்கு உள்ளே 32. ஒரு காசு செலவில்லாமல் ஐந்து டிகிரி குறைந்தது. இன்று ரொம்ப சந்தோஷம்.

பிப்ரவரி 17, இரவு

ஐஸ் பாட்டில் வைக்கச் சொன்னவருக்கு: வைத்துப் பார்த்தேன். கணக்கும் போட்டேன். ஒரு கிலோ ஐஸ் உருகி, அறைச் சூட்டுக்கு வருவதற்குள் ஏறக்குறைய 120 வாட்மணி சூட்டை வாங்கிக்கொள்ளும். எனக்கு மணிக்கு 256 உள்ளே வருகிறது. ஒரு பாட்டில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அந்த ஐஸை உறைய வைத்த ஃப்ரிட்ஜ் அதைவிட அதிகச் சூட்டைத் தன் முதுகுவழியாக வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கும். மின்வெட்டு நேரத்தில் நாற்றைக் காப்பாற்ற உதவும். அன்றாடத்துக்கு உதவாது.

பிப்ரவரி 20

சந்தோஷம் மூன்று நாள்தான். காலையில் உள்ளே 32, மாலை நான்குக்கு 36. ஃபேன் அதே வேகம், குழாய் அதே குழாய். அப்புறம்தான் அறையின் தெர்மாமீட்டரைப் பார்த்தேன்: 31. வித்தியாசம் அதே ஐந்து டிகிரி. கூடாரம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அறைதான் ஏறுகிறது.

குழாயின் வாய் அறைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே விட்ட சூடான காற்றையே கீழ்வாய் வழியாகத் திரும்ப உறிஞ்சுகிறேன். 236 வாட் 14 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 3.3 யூனிட். அத்தனையும் கதவடைத்த ஒரு சின்ன அறைக்குள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் விடும் சூடு சுமார் 100 வாட். இரண்டரை பேர் காலை முதல் இரவு வரை அந்த அறையில் நகராமல் உட்கார்ந்திருப்பது போல.

பிப்ரவரி 15 கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சூடு ஃபேன் வழியாக மட்டும் போவதாக வைத்துப் போட்டேன். கூடாரத்தின் துணிச் சுவர் வழியாகவும் கணிசமாகக் கசிகிறது, கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிகிறது. அப்படியானால் அன்று ஓடிய காற்று 77-ஐவிடவும் குறைவு. எந்த வழியில் வெளியேறினாலும் அது வந்து சேரும் இடம் இந்த அறைதான். கூடாரத்தைக் குளிர்விப்பது பற்றியே பத்து நாள் யோசித்துவிட்டேன். யோசிக்க வேண்டியது அறையைப் பற்றி.

பிப்ரவரி 24

குழாயை ஜன்னல்வரை கொண்டுபோய் வெளியே விட்டேன். இதற்கு மறுபடி இரண்டரை மீட்டர் ஆனது, ஆனால் இந்த முறை வழுவழுப்பான கெட்டிக் குழாய். அறை 28-இல் நிற்கிறது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அறையிலிருந்து வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கதவின் கீழ் இடுக்கில் கையை வைத்தால் உள்ளே வருவது தெரிகிறது. வெளியே வெயில் கொளுத்தும் நேரம் என்றால் அந்தக் கொதிப்பைத்தான் இழுத்துக்கொள்கிறோம்.

ஆகவே இன்னொரு மாற்றமும் செய்தேன். விளக்கை இரவு 9-க்குப் போட்டு காலை 11-க்கு அணைக்கிறேன். செடிக்குப் பகல் எது என்று விளக்கு சொல்வதுதான். குளிர்ந்த நேரத்தில் எரிந்தால் குளிர்ந்த காற்று கிடைக்கும். இன்று விடியற்காலை உள்ளே 30.

பிப்ரவரி 26

இலை ஏன் படகாக மடிந்தது என்பதற்கு இப்போதுதான் ஒரு விளக்கம் பிடிபட்டது. சூடு மட்டும் காரணம் இல்லை, வறட்சியும் சேர்ந்தது. 27 டிகிரியில் 55 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, ஒரு சொட்டு நீர் கூட்டாமல் 37-க்குச் சூடாக்கினால், அதே காற்று 31 சதவீதமாகிவிடும். காற்றின் தாகம், அதாவது இன்னும் எவ்வளவு நீராவியை உறிஞ்ச முடியும் என்பது, 1.6 கிலோபாஸ்கலிலிருந்து 4.3-க்கு ஏறுகிறது. மிளகாய்க்கு 1 அல்லது அதற்கு ஒட்டி இருந்தால் இதமாக இருக்கும். 4.3 என்றால் வேர் அனுப்புவதைவிட வேகமாக இலையிலிருந்து நீரைப் பிடுங்குகிறது. இலை தன் துளைகளை மூடிக்கொண்டு, மடிந்து, வெளிச்சம் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. நோய் என்று நினைத்து மருந்து தெளிக்கப் பார்த்தேன். நல்லவேளை, தெளிக்கவில்லை.

மார்ச் 2

தண்ணீர் அளந்து ஊற்றுகிறேன். எட்டுச் செடியும் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடிக்கின்றன. குடித்ததில் ஏறக்குறைய எல்லாமே இலைவழியாக ஆவியாகப் போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.68 யூனிட் சூடு வேண்டும். இரண்டு லிட்டருக்கு 1.36. விளக்கு கொடுப்பது 3.3. அதாவது விளக்கின் சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கைச் செடிகளே ஆவியாக்கி ஃபேனிடம் கொடுத்துவிடுகின்றன!

இதைக் கணக்கிட்டு முடித்ததும் கூடாரத்தைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்த செடிகள்தான் என்னைவிட அதிகமாகக் கூடாரத்தைக் குளிர்விக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குட்டி நாற்று மட்டும் இருக்கும் கூடாரத்தில் இந்த உதவி இல்லை. நாற்றுக் காலத்தில் சூடு அதிகம் தெரிவது இதனால்தான். அந்த ஆவியை வெளியேற்றாமல், அறையிலேயே ஒரு ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து மறுபடி நீராக்கினால், செடி வாங்கிக்கொண்ட சூடு முழுதும் அறைக்கே திரும்பி வரும், இயந்திரத்தின் மின்சாரமும் கூடவே சூடாகச் சேரும்.

மார்ச் 5

துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் கைக்கு வந்தது. இலையை அளக்க இதுபோல வேறில்லை. பளபளக்கும் கூடாரச் சுவரை மட்டும் இதால் அளக்காதீர்கள். கண்ணாடி மாதிரி அது எதிரே இருப்பதன் சூட்டைப் பிரதிபலித்துத் தவறான எண் காட்டும்.

காற்று 30. ஐந்து மிளகாய்ச் செடியின் இலைகள் 28.5-ஐ ஒட்டி. மூலையில் இருக்கும் ஆறாவது செடி மட்டும் 33! அதே விளக்கு, அதே காற்று. சுருங்கவில்லை, வாடவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தொட்டியைத் தூக்கினால் இறகு மாதிரி லேசாக இருந்தது. உள்ளே இருந்த தேங்காய் நார்க்கழிவு முற்றாகக் காய்ந்துவிட்டது, ஊற்றினது ஓரமாக வழிந்து அடியில் போய்விட்டது. மேலே ஈரம், நடுவே தூள். தொட்டியைத் தண்ணீர் நிறைந்த வாளியில் கால் மணி நேரம் உட்கார வைத்தேன். மூன்று மணி நேரத்தில் இலை 29.

அந்தச் செடிக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. தாகம்.

மார்ச் 6

தொட்டிகளையும் அளந்தேன். வெளிச்சம் நேராகப் படும் கறுப்புத் தொட்டியின் சுவர் 34. வெள்ளைத் துணி சுற்றினேன், 30-க்கு இறங்கியது. மண்ணில்லாமல் வெறும் நீரில் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6 தான். வேர் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

மார்ச் 9

இலைகள் எல்லாம் விரிந்து அழகாக இருக்கின்றன. பூ இன்னமும் உதிர்கிறது. மனம் விட்டுப்போனது.

விளக்கை இரவுக்கு மாற்றியதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். செடியின் ‘இரவு’ இப்போது காலை 11 முதல் இரவு 9 வரை, வெளியே நாளின் உச்ச வெயில். விளக்கு அணைந்திருந்தும் கூடாரத்துக்குள் 29, 30. விளக்கு எரியும்போதும் 30. இரவு பகல் வித்தியாசமே இல்லை. மிளகாயும் தக்காளியும் காய் பிடிக்க பகல் சூட்டைவிட இருள்நேரச் சூட்டைத்தான் அதிகம் பார்க்கும். இருள் நேரம் 24 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகிப் பூ நிற்காது. முதலில் பகலில் வேகவைத்தேன், பிறகு இரவில்.

பிப்ரவரி 24 அன்று எழுதியதைப் பார்த்து யாராவது நேரத்தை மாற்றியிருந்தால் தயவுசெய்து இதையும் படியுங்கள். லெட்யூஸ் போன்ற இலைச் செடிக்கு அந்த மாற்றம் சரி. காய்ச் செடிக்கு அவ்வளவு எளிதில்லை.

மார்ச் 11

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன்: என் செடிக்கு உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

பலகை ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் தருவதாக வைத்துக்கொண்டால் 236 வாட்டுக்கு நொடிக்கு 590 மைக்ரோமோல். ஒரு சதுர மீட்டருக்கு 14 மணி நேரம் விழுந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). மிளகாய்க்கு 20 போதும். லெட்யூஸுக்கு 12 முதல் 17. அதாவது வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சத்தை ஊற்றி, அதன் சூட்டோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று படித்துத்தான் இந்தப் பலகையை எடுத்தேன். கூடாரமும் விளக்கும் வைத்து வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி கஞ்சா வளர்ப்பவர்கள் எழுதியது. அந்தச் செடி தாங்கும் வெளிச்சம் மிக அதிகம், அவர்கள் எண்கள் அதற்கானவை. மிளகாய் வளர்ப்பவர் அதை அப்படியே எடுத்தால் மேலதிகமாகக் கிடைப்பது சூடுதான்.

பலகையின் பின்னால் ஒரு குமிழ் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைப்பது. வாங்கின நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. 150 வாட்டுக்குத் திருப்பினேன். நேரத்தை 16 மணியாக நீட்டினேன், இரவு 11 முதல் மாலை 3 வரை. கணக்குப்படி 21 மோல், சுவரில் வீணாவது போகக் கொஞ்சம் குறையும். இருள் நேரம் மாலை 3 முதல் இரவு 11. கூடவே ஜன்னலை மாலை ஆறுக்கு மேல் அகலமாகத் திறந்து விடுகிறேன்.

உள்ளுக்கும் அறைக்கும் இப்போது வித்தியாசம் மூன்று டிகிரி.

மார்ச் 12

வெளிச்சத்தை எப்படி அளப்பது என்று கேட்டவருக்கு: லக்ஸ் மீட்டரே போதும். வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70-ஆல் வகுங்கள், மைக்ரோமோல் தோராயமாக வந்துவிடும். ஊதாவும் சிவப்புமாக எரியும் பலகைக்கு இது பொருந்தாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கும்.

கையைச் செடி உயரத்தில் நீட்டி, சுட்டால் விளக்கை உயர்த்து என்பது பழைய வழி. சோடியம் விளக்குக்கு அது சரியான பாடம். எல்இடியில் நம்பாதீர்கள். கைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உச்சி இலை வெளுத்துவிடும். அது சூட்டால் வருவதில்லை, ஒளி மிகுந்து பச்சையம் அழிவதால் வருவது. என் தக்காளி ஒன்றில் இன்னும் அந்த வெள்ளைத் திட்டு இருக்கிறது.

மார்ச் 18

காய்!!! மூன்றாவது செடியில் இரண்டு, ஐந்தாவதில் ஒன்று. பூவிதழ் வாடியும் காம்பு பச்சையாக நிற்கிறது, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை முனை. மூடிய கூடாரத்தில் பூவை அசைக்கக் காற்று இல்லாததால் தினமும் கொத்தை விரலால் மெல்லத் தட்டுகிறேன். உள்ளே ஒரு சின்ன மேசை ஃபேனும் வைத்தேன். அது காற்றைக் குளிர்விக்காது. இலையை ஒட்டி நிற்கும் ஈரப் படலத்தைக் கலைத்து இலை மூச்சுவிட உதவும், அவ்வளவுதான்.

மார்ச் 21

டைமர் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் விளக்கு அணையவே இல்லை. ஊரில் இல்லை, வந்து பார்த்தால் தக்காளி இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் திட்டு. தக்காளிக்கு 24 மணி வெளிச்சம் ஆகாது, கண்டிப்பாக இருள் வேண்டும். மிளகாய் தப்பித்தது.

எல்இடியின் டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் மட்டும் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன டைமரின் உலோகத் தொடுமுனைகள் அந்தப் பொறியில் ஒன்றோடொன்று பற்றவைத்தாற்போல் ஒட்டிவிடுகின்றன. 150 வாட்தானே, எந்த டைமரும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். இப்போது டைமர் ஒரு கெட்டியான ரிலேயை (சின்ன மின்னோட்டத்தில் இயங்கும் ஸ்விட்ச்) மட்டும் இயக்குகிறது, ரிலே விளக்கை இயக்குகிறது.

மார்ச் 23

அதே பயத்தில் இன்னொன்றையும் யோசித்தேன். ஃபேன் நின்றால்? கூடாரத்துக்குள் இருப்பது இரண்டு கனமீட்டர் காற்று, இரண்டரைக் கிலோகூட இல்லை. அதைப் பத்து டிகிரி ஏற்ற 150 வாட் விளக்குக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. தொட்டி, மண், சுவர் எல்லாம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் மெதுவாக ஏறும். ஆனாலும் ஒரு வேலை நாள் முழுக்க வெளியே இருந்தால் திரும்பி வரும்போது ஒன்றும் மிஞ்சாது.

விளக்கைத் தெர்மோஸ்டாட் வழியாக இணைத்தேன். 35-ஐத் தொட்டால் விளக்கு அணையும். ஃபேன் அதில் இல்லை, அது எப்போதும் ஓடும். இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

மார்ச் 30

இலையின் அடியில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகச் சின்னச் சின்னக் கொப்புளம். சூட்டுக் கொப்புளம் என்றே முடிவு கட்டிவிட்டேன். இல்லை. பூச்சிக் கண்ணாடியில் பார்த்தால் பேனும் இல்லை, முட்டையும் இல்லை. புற ஊதா இல்லாத செயற்கை வெளிச்சத்தில் தக்காளி, மிளகாய்க் குடும்பத்தில் வருவது இது. இலைச் செல்கள் வீங்குவதால் உண்டாகிறது. ஈரம் தேங்கினால் அதிகமாகும். தொற்றாது. தண்ணீரைக் குறைத்து, மேசை ஃபேனைக் கொஞ்சம் உயர்த்தினேன். பழைய இலை மாறாது, புது இலை சுத்தமாக வருகிறது.

ஏப்ரல் 4

டிரைவரைக் கூடாரத்துக்கு வெளியே மாற்றினால் சூடு பாதியாகும் என்று ஒருவர் சொன்னார். மாற்றினேன். டிரைவர் வீணாக்குவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று டிகிரி வித்தியாசத்தில் கால் டிகிரி குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் திருப்பி உள்ளே வைக்க மாட்டேன். டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் பத்து டிகிரி குறைந்தால் இரு மடங்கு காலம் உழைக்கும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. கூடாரத்துக்காக இல்லாவிட்டாலும் டிரைவருக்காக அது வெளியே இருக்கட்டும்.

ஏப்ரல் 6

வெளியே மாற்றும்போது எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தொட்டால் வெதுவெதுப்பு. சுருளின் நடுவே சூடு வெளியேற வழியில்லை. பிரித்து நீளமாகப் போட்டேன். பிளக்கின் ஒரு காலில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது, மாற்றிவிட்டேன். உங்கள் வயரையும் இன்றே ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 27

மூன்றாவது செடியில் ஒன்பது காய், முதல் இரண்டும் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. மூலைச் செடியில் நான்கு. தக்காளியில் ஒரு கொத்து.

வெயில் ஏறுகிறது, அறை மாலையில் 31. பூ மறுபடி ஒன்றிரண்டு உதிர்கிறது. விளக்கை 120 வாட்டுக்கு இறக்கிவிட்டேன், புதுப் பூ குறைந்தாலும் இருக்கிற காய் பழுக்கட்டும். லெட்யூஸ் தட்டைக் கூடாரத்திலிருந்து எடுத்து, அறையின் தரையோரம், 18 வாட் குழல்விளக்கு இரண்டின் கீழ் வைத்திருக்கிறேன். தரையில் 27 தான். பூந்தண்டு ஏறாமல் இலை இலையாக விடுகிறது.

பெரிய ஃபேன் வாங்கவே இல்லை.